நடைக்கு ஒரு பை: வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை

வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியற்காலை ஐந்தரைக்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். ஒரு பக்கம் மாடிக் குடியிருப்புகள், மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். சப்பாத்துப் போட்டு வீச்சாக நடப்பவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் நடையையும் சேர்த்து முடித்துவிடுபவர்கள், பேரப்பிள்ளைகளைப் பாடசாலை வானில் ஏற்றிவிட்டு அப்படியே ஒரு சுற்றுப் போய்வருபவர்கள் என்று பலவிதமான பெண்கள். அவர்களுடைய தோள்களைச் சற்றே கவனித்தால் ஒன்று தெரியும். பலருக்கு ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருக்கிறது. அந்தத் தோளில் ஒரு கைப்பை தொங்குகிறது. அது நழுவாமல் இருப்பதற்காகத் தம்மை அறியாமலே தோளை மேலே தூக்கிப் பிடித்தபடி அவர்கள் நடக்கிறார்கள்.

கைப்பையில் அப்படி என்ன பாரம்? நிரப்பிய எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ வரும். மடக்குக் குடை முந்நூறு கிராமுக்குக் குறையாது. கைபேசி, வீட்டுச் சாவிக்கொத்து, பணப்பை, அடையாள அட்டை, மருந்துப் பெட்டி, முகம் துடைக்க ஒரு துவாய் எல்லாம் சேர்ந்து இன்னும் அரைக் கிலோவுக்கு மேல். இது போகும்போது உள்ள பாரம். திரும்பும்போது வெள்ளவத்தைச் சந்தை வழியாக வந்தால் இரண்டு தேங்காய், ஒரு பிடி கீரை, அரைக் கிலோ தக்காளி என்று நான்கு கிலோவைத் தொட்டுவிடும். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நான்கு கிலோ பெரிய சுமை அல்ல. குறுநடைக்குத் தூக்கும் பாரம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்பதே பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்கு ஐந்தரைக் கிலோ வரை இடம் உண்டு. ஆனால் நான்கு கிலோவும் ஒற்றைத் தோளில் தொங்கும்போது கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை நடை முடியும்வரை இளகாமல் இழுபட்டே நிற்கிறது. முதுகெலும்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. மாலையில் பிடரி வலிக்கிறது என்று தைலம் பூசும் பலர், பிழையைத் தலையணையில்தான் தேடுகிறார்கள்.

இரண்டு தோளிலும் மாட்டும் முதுகுப்பையை நடுத்தர வயதுப் பெண்கள் தமக்குரியதாகவே நினைப்பதில்லை. அது பாடசாலைப் பிள்ளைக்கு, வெள்ளைக்கார உல்லாசப் பயணிக்கு, அல்லது மடிக்கணினி தூக்கும் இளைஞனுக்கு என்று மனத்தில் பதிந்துவிட்டது. இந்த எண்ணம் மாறவேண்டும். ஏனென்றால் முதுகில் சுமப்பதில் இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்களுக்கு இருக்கும் அனுபவம் எந்தப் பை நிறுவனத்தின் வயதையும்விட நீண்டது.

கொட்டாஞ்சேனையில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் வேர் மலையகத்தில் இருக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலைமலையாய்ப் பரவிய அந்தத் தேயிலையில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய கொழுந்துக் கூடைக்குத் தோள்பட்டி கிடையாது. கயிறு தலையின்மேல் ஏறி, கூடை முதுகில் தொங்கும். கயிறு அறுக்காதபடி தலையில் துணியை மடித்துப் போட்டிருப்பார்கள். பாரம் தலையிலிருந்து நேரே முதுகெலும்பின் வழியாக இறங்குவதால் இரண்டு கையும் கொழுந்துக்கு விடுதலையாகின்றன. நேபாளத்துச் சுமைதூக்கிகள் ‘நாம்லோ’ என்ற நெற்றிப்பட்டியில் சுமப்பதும் இதே முறைதான். நாளுக்குப் பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் ‘முழுப் பேர்’ என்ற முழுநாள் சம்பளம், குறைந்தால் ‘அரைப் பேர்’ என்ற பாதிச் சம்பளம் என்ற கணக்கு பல தோட்டங்களில் இருந்தது. அந்தப் பாரத்தால் கழுத்தும் நாரியும் தேய்ந்த பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கூடையைப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. ஆனாலும் பாரம் உடலின் நடுக்கோட்டில், முதுகோடு ஒட்டி இருக்கவேண்டும் என்ற விதியை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள். நல்ல முதுகுப்பை செய்யும் வேலையும் அதுதான். தலைக்குப் பதிலாக இரண்டு தோள்களிடம் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது.

இன்று கடையில் விற்கும் முதுகுப்பையின் வடிவம் இராணுவத்திலிருந்தும் மலையேறிகளிடமிருந்தும் வந்தது. இரண்டு இடத்திலும் அளவெடுக்கப்பட்டவை ஆண்களின் முதுகுகள். சியாட்டில் நகரில் 1967இல் தொடங்கிய ஜான்ஸ்போர்ட் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ஜான் ஒரு பெண். பைகளைத் தைத்துக் கொடுத்த ஜான் லூயிஸ். ஆனாலும் பெண்ணின் உடலுக்கென்று வேறாக வெட்டித் தைத்த பைகள் பரவலாகக் கடைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. இப்போது ஒஸ்ப்ரே, டொய்ட்டர், கிரெகரி போன்ற நிறுவனங்கள் அவற்றைத் தனி வரிசையாகவே விற்கின்றன.

வித்தியாசம் நிறத்தில் இல்லை. சராசரியாகப் பெண்ணின் முதுகு ஆணின் முதுகைவிடக் குட்டை, தோள் ஒடுக்கம், இடுப்பு அகலம். ஆண்களுக்கான பையின் பட்டிகள் கழுத்திலிருந்து விலகித் தோளின் ஓரத்தில் உட்காரும். அங்கிருந்து அவை வெளியே வழுக்கும், அல்லது மார்பின்மேல் நேராக இறங்கி அழுத்தும். பெண்களுக்காகத் தைத்த பட்டி கழுத்துக்கு அருகே தொடங்கி, பாம்பு நெளிவதுபோல் மார்பைச் சுற்றி வளைந்து, அக்குளுக்குக் கீழே போகும். இந்த வளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். இளஞ்சிவப்புத் துணியில் பூப்போட்டு ‘லேடீஸ் பாக்’ என்று தொங்கவிட்டிருக்கும் பையின் பட்டி கோடு போட்டதுபோல் நேராக இருந்தால், அது பெண்களுக்காக நிறம் மட்டும் மாற்றிய பை.

முதுகின் நீளத்தை வீட்டிலேயே அளக்கலாம். தலையை முன்னால் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். கழுத்தின் ஏழாவது எலும்பு அது. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, பெருவிரல்களை முதுகுப்பக்கம் நீட்டவேண்டும். பெருவிரல்கள் சுட்டும் கோட்டிலிருந்து பிடரி முண்டு வரை மகளோ தங்கையோ தையல் நாடாவால் அளந்தால், அதுதான் முதுகு நீளம். உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஐந்தடி இரண்டங்குலம் உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம் என்று இருக்கலாம். பதினைந்து, இருபது லீற்றர்ப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன. எனவே நாடாவைக் கடைக்கும் கொண்டுபோய், பையின் முதுகுப்பலகை தன் முதுகைவிட நீளமில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. மாட்டிய பையின் மேல்விளிம்பு தோளின் உயரத்தைத் தாண்டக் கூடாது. கீழ்விளிம்பு இடுப்புக் கோட்டுக்கு நாலங்குலத்துக்கும் கீழே தொங்கினால், நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் அது பின்புறத்தில் மோதும்.

உடலுக்கு அடுத்து உடுப்பு. வெளிநாட்டுப் பை நிறுவனங்கள் தரும் அறிவுரைகளில் சேலையும் சோலும் வருவதில்லை. கொழும்புப் பெண்களுக்கோ பாதிப் பிரச்சினை அங்கேதான். சேலையின் முந்தானை இடது தோளில் ஊசி குத்தி நிற்கும். அதன்மேல் பட்டி ஏறினால் மடிப்புகள் நசுங்கும். ஊசி தோளில் குத்தும். முந்தானையின் ஊசியை வழக்கமான இடத்திலிருந்து இரண்டங்குலம் பின்னால் தள்ளிக் குத்திக்கொண்டால் பட்டிக்கு இடம் கிடைக்கும். இடுப்புப்பட்டியைச் சேலையின் மேல் கட்டவே கூடாது. கொசுவத்தை அது கொஞ்சங் கொஞ்சமாய் மேலே இழுத்துவிடும். பெரிய மலையேற்றப் பைகளில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அகலமான இடுப்புப்பட்டிதான். பதினைந்து லீற்றர்ப் பையில் இருக்கும் மெல்லிய நாடா பை ஆடாமல் பிடிப்பதற்கு மட்டுமே. ஆகவே கழற்றி வைக்கக்கூடிய நாடா உள்ள பையை வாங்கினால் போதும், இழப்பு ஒன்றுமில்லை.

சல்வார் அணிபவர்கள் சோலை முதலில் போட்டு, அதன் நுனிகளைப் பட்டிக்கு அடியில் செருகிய பிறகு பையை மாட்டினால், காற்றில் சோல் பறந்து முகத்தில் அடிக்காது. ஹிஜாப், அபாயா அணிபவர்களும் மெல்லிய ஷிஃபோன் சோல் போடுபவர்களும் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ உள்ள பையைத் தொடாமல் இருப்பது நல்லது. நூலை இழுத்து ஒரே நாளில் சோலைப் பாழாக்கிவிடும். நெஞ்சுக்குக் குறுக்கே போகும் சிறுபட்டி மேலும் கீழும் நகர்த்தக்கூடியதாக இருக்கவேண்டும். அது காறையெலும்புக்குச் சற்றுக் கீழே, மார்புக்கு மேலே நிற்கும்போதுதான் பட்டிகள் தோளிலிருந்து வழுக்காமலும் மூச்சை அழுத்தாமலும் இருக்கும். சில பைகளில் அந்தப் பட்டியின் கொக்கியிலேயே ஒரு விசில் இருக்கிறது. இருட்டு விலகாத நேரத்தில் தனியாக நடக்கும் பெண்ணுக்கு அது மிகவும் உதவும். நீண்ட பின்னல் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். பையின் வாய் முதுகை ஒட்டி இருந்தால் சிப்பில் தலைமுடி மாட்டும். வாய் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும் பையே நல்லது.

பட்டியின் அகலம் இரண்டங்குலத்துக்குக் குறையக் கூடாது. கயிறு போன்ற மெல்லிய பட்டியுடன், வாயைச் சுருக்கி இழுக்கும் துணிப்பைகள் இப்போது எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. வெறும் துவாய்க்கு அவை சரி. ஒரு கிலோவுக்கு மேல் போட்டால் கயிறு தோளில் புதைந்து, கழுத்திலிருந்து கைக்கு ஓடும் நரம்புக் கொத்தை நெரிக்கும். நடந்து முடிந்ததும் விரல்கள் விறைத்தாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ அந்தப் பையை மேலும் சுமக்கக் கூடாது. பல வாரங்கள் பாரமான பையைச் சுமந்த இராணுவத்தினருக்கும் மலையேறிகளுக்கும் இந்த நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கை சோர்ந்துபோன நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உண்டு.

எவ்வளவு பெரிய பை? லீற்றர் என்பது உள்ளே எவ்வளவு இடம் என்ற கணக்கு. பதினைந்து லீற்றர் என்றால் ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் பத்தின் கொள்ளளவு. மரைன் டிரைவில் நடந்து நேரே வீடு திரும்புபவருக்குப் பத்து லீற்றரே போதும். சந்தைக்கும் போய் வருபவர் பதினைந்திலிருந்து பதினெட்டு வரை பார்க்கலாம். அதற்குமேல் வாங்குவது வீண். இடம் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாய்ப் போட்டு, கடைசியில் வீட்டைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதாகிவிடும். வெறும் பையின் எடை அரைக் கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கொட்டாஞ்சேனையில் நடை வேறு விதம். அங்கே கடற்கரைச் சாலை கிடையாது. புனித லூசியா பேராலயத்தின் பெரிய கோபுரத்தடியிலிருந்து ஜம்பட்டா வீதி வழியாகக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடப்பார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்புவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் அங்கிருந்து நடக்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்துப் பெண்களும் வருகிறார்கள். இங்கே நடைபாதை ஒடுக்கம். கைவண்டி, லொறி, ஓட்டோ எல்லாவற்றோடும் தோள் உரசித்தான் போகவேண்டும். பக்கவாட்டில் புடைத்து நிற்கும் பை இங்கு உதவாது. ஒடுக்கமாக, உயர்வாக, முதுகோடு ஒட்டி நிற்கும் பை வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுப் போக மனமில்லாதவர்களுக்கு அடியில் தனி அறை உள்ள பை வசதி. தோலில் செய்த பையைச் சைவக் கோயிலுக்குள் கொண்டுபோக விரும்பாதவர்கள் பலர் என்பதால் துணிப்பையே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு முதுகுப்பையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நினைவும் வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயிலில் வெடித்தது பையில் வந்த குண்டு. அதன்பின் பல மாதங்கள் முதுகில் பையோடு நடந்த எவரையும் மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாடசாலைகளின் வாயிலில் பிள்ளைகளின் பைகள் சோதிக்கப்பட்டன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைகள் கடைக்கு வந்தன. வழிபாட்டிடங்களில் பையைத் திறந்து காட்டுவது இப்போதும் பலருக்குப் பழகிய காரியம். பத்துச் சிறு அறைகளும் பத்துச் சிப்புகளும் உள்ள பையை வாசலில் நின்று ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டுவது சிரமம். அகலமாகத் திறக்கும் ஒரு பெரிய அறை, சாவிக்கும் பணத்துக்கும் முதுகுப்பக்கத்தில் ஒளிந்த ஒரு சிறிய அறை, போத்தலுக்கு வெளியே ஒரு வலை, இவ்வளவும் இருந்தால் வேலை இலகு.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறவேண்டி வரும். காலி வீதியில் ஓடும் 100, 101ஆம் இலக்க பஸ்களில் காலை நேர நெரிசலைக் கொழும்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகப் பெண்களில் 90 சதவீதத்தினர் கூறியதை ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு பதிவுசெய்தது. பஸ்ஸில் ஏறியதும் முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளும் பெண்கள் திருட்டுக்குப் பயந்து மட்டும் அப்படிச் செய்வதில்லை. அது அவர்களுக்கு ஒரு மறைப்பு. அந்தக் குற்றத்தைத் தடுக்கவேண்டிய பொறுப்பு பைக்கு உரியதல்ல, ஆனாலும் பை வாங்கும்போது இதை நினைவில் வைக்காமல் இருக்க முடியாது. பட்டிகளை ஒரே இழுப்பில் தளர்த்தி, முன்னால் கொண்டுவந்து மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்க்கவேண்டும்.

புறக்கோட்டைக் குறுக்குத்தெருக்களில் பைகள் கொத்துக்கொத்தாய்த் தொங்குகின்றன. “வாங்க அக்கா, நல்ல பாக், தண்ணி போகாது” என்று கூப்பிடுவார்கள். தொங்கும் பைகளின் வயிற்றில் கசக்கிய தாள் அடைத்திருக்கும். தாள் அடைத்த பை யாருடைய முதுகிலும் அழகாகத்தான் உட்காரும். பாரம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். தாளை எடுத்துவிட்டுச் சொந்தப் போத்தலையும் குடையையும் அதில் போட்டு, கூட ஒரு கிலோ அரிசிப் பொதியும் போட்டு, தெருவின் முனைவரை நடந்துவர விடும்படி கேட்கலாம். அடையாளமாகப் பணத்தையோ தன் கைப்பையையோ விட்டுப்போனால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். பிறகு பட்டி பையோடு சேரும் இடத்தை உள்ளே பிரட்டிப் பார்க்கவேண்டும். அங்கே ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் மூன்று மாதத்தில் கையோடு வரும். சதுரமும் அதன் நடுவே குறுக்குக் கோடுகளுமாகத் தைத்திருந்தால் நிற்கும். சிப்பைப் பத்துமுறை இழுத்துப் பார்க்கலாம். வளைவில் சிக்கும் சிப் மழையில் கட்டாயம் சிக்கும். சீட்டில் 600 டெனியர் என்று எழுதியிருந்தால், அந்த நூல் 9,000 மீற்றருக்கு 600 கிராம் எடை என்று பொருள். எண் கூடினால் நூல் தடிப்பு, துணியும் பாரம். நடைப்பைக்கு 210 முதல் 420 வரையுள்ள நைலோன் இலகுவாகவும் உறுதியாகவும் இருக்கும்.

‘தண்ணி போகாது’ என்பதை நம்பவேண்டாம். துணி நனையாவிட்டாலும் தையல் துளைகளிலும் சிப்பிலும் தண்ணீர் புகும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை, அதன்பின் ஒக்ரோபர், நவம்பரில் இடியோடு கொட்டும் மாலை மழை. இந்த ஊரில் மேலுறை இல்லாத பை அரைப் பை. மேலுறை கிடைக்காவிட்டால் உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பை போட்டு, அதற்குள் கைபேசியை வைத்தாலும் சரி.

மழையைவிடப் பையைக் கொல்வது கொழும்பின் புழுக்கம். துணியின் உட்புறத்தில் தண்ணீரைத் தடுக்கப் பூசியிருக்கும் பொலியூரித்தேன் பூச்சு, சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைத் தவிடாய் உதிரும். ஈரப் பையை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் இது விரைவாக நடக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் உள்ள உப்பு உலோகச் சிப்பைத் துருப்பிடிக்க வைக்கும். பிளாஸ்ரிக் பல் உள்ள சிப் நீடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் வாய் திறந்து தொங்கவிட்டால் பையின் ஆயுள் கூடும். முதுகுப்பக்கத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டி இடைவெளி விட்ட பைகளை டொய்ட்டர் நிறுவனம் 1984இல் அறிமுகப்படுத்தியது. இன்று மலிவான பைகளிலும் அந்த அமைப்பு வருகிறது. முதுகும் பையும் ஒட்டாததால் காற்று ஓடும். சட்டை தெப்பமாய் நனையாது. கொழும்பு வெயிலில் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம்.

2022இல் ரூபாய் சரிந்தபின் வெளிநாட்டுப் பெயர்பெற்ற பைகள் பலருக்கு எட்டாதவை ஆகிவிட்டன. அவை இல்லாமலும் வசதியாக நடக்கலாம். வளைந்த அகலப் பட்டி, முதுகுக்கு ஏற்ற நீளம், நகரும் நெஞ்சுப்பட்டி, முதுகில் வலை, இவை நான்கும் உள்ள உள்ளூர்ப் பை, இவை பொருந்தாத விலையுயர்ந்த பையைவிட மேல். நெஞ்சுப்பட்டி இல்லாத நல்ல பை வீட்டில் ஏற்கெனவே இருந்தால், தையற்காரரிடம் கொடுத்து இரண்டு நாடாவும் ஒரு கொக்கியும் வைத்துத் தரச் சொல்லலாம். அரை மணி நேர வேலை.

பழகியபின் தூரமும் கூடும். பாடசாலை விடுமுறையில் மலையகம் போகும் கொழும்புப் பெண்கள் ஹோட்டன் சமவெளியின் ஒன்பது கிலோமீற்றர் சுற்றையோ, தேயிலைத் தோட்டங்களின் ஊடாக 300 கிலோமீற்றருக்குமேல் 22 கட்டங்களாகப் போகும் பெக்கோ நடைபாதையின் ஒரு கட்டத்தையோ இதே பையோடு நடந்துவிடலாம். குளிருக்கு ஒரு மேற்சட்டையும் இன்னொரு போத்தலும் கூட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தமுறை புறக்கோட்டைக்குப் பை வாங்கப் போகும் சகோதரிகள் தையல் நாடாவையும் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாக நடக்கும்போது உடுக்கும் உடுப்பையே உடுத்திக்கொண்டு போங்கள். பாரம் போட்ட பையோடு பத்து நிமிடம் நடந்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.